வீட்ல கேட்டுச் சொல்றேன்

கம்பத்தில் ஷரீப் என்று கேட்டால் ஆளுக்கொரு ஷரீப்பைக் காட்டுவார்கள். ஜவுளிக்கடை ஷரீப் இருக்கிறார், கறிக்கடை ஷரீப் இருக்கிறார், வாயைத் திறந்தால் புளுகைத் தவிர வேறொன்றும் வராத ஒரு ஷரீப்பும் இருக்கிறார். அவர்களெல்லாம் நன்றாக இருக்கட்டும். திராட்சை ஷரீப் பாய் யார் என்று கேட்டால் மட்டும் இப்போது யாரையும் கை காட்ட முடியாது. புரட்டாசிக் கடைசியில் அவர் மௌத்தாகிவிட்டார்.

பன்னீர் திராட்சை வியாபாரம் அவருக்கு. தோட்டக்காரர்களிடம் காய்ப்பிலேயே தோட்டத்தைப் பேசி முடிப்பார். பழுத்ததும் தன் ஆட்களை விட்டு வெட்டி, பெட்டியில் அடுக்கி, குமுளி வழியாகக் கோட்டயத்துக்கு ஏற்றிவிடுவார். இதே வேலையைச் செய்கிற வியாபாரிகள் சுருளிப்பட்டி பக்கம் தடுக்கி விழுந்த இடமெல்லாம் உண்டு. ஆனால் கோட்டயத்து மார்க்கெட்டில் ஷரீப் பாயின் பெட்டியை மட்டும் திறந்து பார்க்காமலே எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு பேர் வாங்குவது என்ன லேசுப்பட்ட காரியமா?

தோட்டக்காரர்கள் பந்தலுக்கடியில் நின்றுகொண்டு, "பாய், எப்ப வெட்டலாம்?" என்று கேட்பார்கள். பாய் ஒரு குலையைக் கிள்ளி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். எந்தத் தோட்டமானாலும், எத்தனை அவசரமானாலும் இதே பதில்தான்.

டீக்கடையில் சும்மா விடுவார்களா? "பாய் வீட்ல கேட்டாத்தான் தும்முவாரு" என்பார்கள். பாயும் சேர்ந்துகொண்டு சிரிப்பார். "ஆமாப்பா, தும்முனா அவதான கசாயம் வைக்கணும்? கேக்காம தும்ம முடியுமா?" என்பார். யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காக மனுஷன் போடுகிற வியாபாரத் தந்திரம் இது என்றுதான் ஊரே நினைத்தது. அவர் வாய் ஓயாமல் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தராவது நம்பினால்தானே!

மெகருன்னிசா அவருக்கு வாழ்க்கைப்பட்டு உத்தமபாளையத்திலிருந்து வந்த வருஷம் தொடங்கியது இது. புதுப்பெண்ணுக்கு ஆசையாக ஒரு குலை கொண்டுவந்து கொடுத்தார். கறுகறுவென்று பார்க்க அம்சமாக இருந்தது. அவள் ஒரு பழத்தை வாயில் போட்டாள். கொட்டையை உள்ளங்கையில் துப்பி உற்றுப் பார்த்தாள்.

"கொட்டை இன்னும் பச்சையாத்தான இருக்கு. இத எதுக்குங்க வெட்டுனீக? தோலு கறுத்தாப் போதுமா? வெட்டுன பெறகு திராட்சை இனிக்குமா?"

பாய்க்கு மூஞ்சி தொங்கிவிட்டது. அன்று ஏற்றிய சரக்கு முழுக்கப் புளிப்பு என்று கோட்டயத்துக்காரன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டபோது, மாப்பிள்ளைக்கு ரோஷம் வரவில்லை, புத்திதான் வந்தது. மறுநாளிலிருந்து மஞ்சப்பை வீட்டுக்கு வர ஆரம்பித்தது. அவள் கடித்துப் பார்த்து, கொட்டையைப் பார்த்து, வெட்டு என்றால் வெட்டு, பொறு என்றால் பொறு.

ஒரு தடவை அவளுக்கு டைபாய்டு வந்து நாக்கு செத்துப்போயிற்று. கஞ்சியும் கசந்தது, கற்கண்டும் கசந்தது. தோட்டம் பழுத்து நிற்கிறது. பாய் என்ன செய்தார் தெரியுமா? "வீட்ல சொகமில்ல, இந்த வாட்டி வேற ஆளப் பாருங்க" என்று கைக்கு வந்த தோட்டத்தை விட்டுவிட்டு, அடுப்பங்கரையில் நின்று அவளுக்குக் கஞ்சி காய்ச்சினார். உப்புப் போட மறந்துவிட்டார். அவளுக்கா ருசி தெரியப்போகிறது? சமர்த்தாகக் குடித்தாள்.

மகள் ஷாஜியாவையும் அப்படித்தான் வளர்த்தார். பிக்கப் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பாய் லோடு வண்டி?" என்று கேட்டவர்களிடம், "ஓட்டுறது ஆணா பொண்ணான்னு வண்டிக்குத் தெரியுமாக்கும்?" என்றார். லோடு ஏறிக்கொண்டிருந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். மெகருன்னிசாவும் தட்டைப் போட்டு உட்கார்ந்தால்தான் சோற்றில் கை வைப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தேனிக்குக் கொண்டு போனார்கள். சின்னமனூர் தாண்டவில்லை. வண்டி திரும்பி வந்துவிட்டது.

மெகருன்னிசா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் போனால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே இறங்கக் கூடாது. அசல் ஆண்கள் முகத்தில் முழிக்கக் கூடாது. புருஷனின் தம்பி இத்ரீஸே வந்தாலும் நடுவில் திரை தொங்கும். அவன் கூடத்தில் நாற்காலியில், அவள் உள்ளறையில்.

இத்ரீஸ் கெட்டவன் இல்லை. அண்ணன் மீது உயிரையே வைத்திருந்தவன். அண்ணன் செத்த துக்கத்திலும் வியாபாரத்தை விடக் கூடாது என்று ஓடித்தான் பார்த்தான். ஆனால் பயந்தாங்கொள்ளி. பாண்டீஸ்வரன் தோட்டத்தில் பழம் கறுத்து நின்றது. மேகமலைப் பக்கம் இடி முழங்கிற்று. மழை விழுந்தால் பழம் வெடித்துவிடுமே என்று யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டி ஏற்றிவிட்டான். அந்த மழையோ அன்றைக்கு வரவே இல்லை. கோட்டயத்திலிருந்து ஃபோன்தான் வந்தது.

ஷாஜியாதான் எடுத்தாள். வியாபாரி மத்தாயி அழாத குறையாகப் பேசினார். "மோளே, ஷரீப் பாய் பெட்டின்னு சொல்லித் தொறந்து பாக்காமக் குடுத்து. எல்லாம் புளி. ஆளுக திருப்பிக் கொண்டாந்து இவிடெ எறியுது. நான் இனி என்ன பறயும்?"

ஷாஜியா அதை அம்மாவிடம் சொன்னாள். கபரில் மண் காய்வதற்குள் மனுஷன் பேரைப் புளிக்க வைத்துவிட்டார்களே! அவர் போனதற்கு அழுத அழுகை ஒன்று, இது வேறு ஆத்திரம். சாயங்காலம் வந்த கொழுந்தனைத் திரைக்குப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இனிமே வெட்டுறதுக்கு முன்னாடி குலை இங்கன வரணும். நான் பாத்துச் சொல்றேன்."

"மதினி, நீங்க எதுக்கு இந்தத் தலவலியெல்லாம்? கெடக்குற தோட்டத்தக் கூடலூர் யாவாரி பொன்னுராஜ்கிட்டப் பேசி விட்டுறலாம்னு இருக்கேன். அவருகிட்ட ஆளு இருக்கு, வண்டி இருக்கு. நீங்க பேசாம ஓதிக்கிட்டு இருங்க."

"ஓதாம என்ன செய்றேன்? அதுக்காக அவுக வியாபாரத்த அடுத்தவன் கையில குடுத்துருவீகளா?"

"இத்தாவுல இருக்குற பொம்பள யாவாரம் பேசுறதான்னு ஊர்ல கேப்பாக, மதினி."

"ஊரு கேக்குறது இருக்கட்டும். மொதல்ல நான் ஹஜ்ரத்துகிட்டக் கேக்குறேன்."

அங்கேயே ஷாஜியாவை விட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஃபோன் போடச் சொன்னாள். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாசப்படி தாண்டக் கூடாதுன்னுதாம்மா இருக்கு. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ஒழைக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. நல்லாச் செய்யச் சொல்லு." ஃபோனின் ஸ்பீக்கர் போட்டிருந்தது. இத்ரீஸ் "சரி மதினி" என்று எழுந்து போனான்.

ஆனால் காரியம் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. பாய் பேசி வைத்திருந்ததிலேயே பெரிய தோட்டம் கோட்டைச்சாமியுடையது. அது கைவிட்டுப் போனால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பொன்னுராஜிடம் போய்விடுவார்கள்; அப்புறம் ஷரீப் பாய் வியாபாரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. மறுநாள் காலையில் கோட்டைச்சாமியே வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு குலை. திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பாயம்மா, தப்பா நெனைக்காதீக. பொன்னுராஜு ஆளுக நாளைக்கே வெட்டுறோம்னு நிக்கிறாக. மானம் வேற மூடிக்கிட்டே கெடக்கு. பாண்டீஸ்வரன் தோட்டத்துல நடந்ததும் காதுல விழுந்துச்சு."

"நீங்க அவுகளுக்கு வாக்குக் குடுத்திருக்கீகள்ல அண்ணே?"

"குடுத்தேன். இல்லேங்கல. வாக்கு பாய்க்குக் குடுத்தது. பாய்தான் இல்லையே, ஆத்தா."

அந்தச் சொல் நேராக நெஞ்சில் வந்து விழுந்தது. ஷாஜியா அம்மாவின் தோளைப் பிடித்தாள். அழுதுகொண்டே உள்ளே திரும்பியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். மெகருன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுகதான் இல்ல. வீட்ல கேட்டுச் சொல்றேன்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டு வருவாகல்ல, அந்த வீடு இங்கனதான இருக்கு? கேட்டது என்னையத்தான். சொன்னதும் நான்தான். அந்தக் குலையக் குடுங்க."

திரைக்கடியில் ஷாஜியாவின் கை நீண்டது. கோட்டைச்சாமி குலையைக் கொடுத்தார். உள்ளே மெகருன்னிசா கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டாள். ஒரு பழம், நடுவிலிருந்து ஒன்று, நுனியிலிருந்து ஒன்று. ஐந்தாறு கொட்டை அவள் உள்ளங்கையில் கிடந்தது. இரண்டு மட்டும் காப்பிநிறம் கண்டிருந்தது. மற்றவை பச்சை.

"தெக்கு வரிசையில பறிச்சீகளா? நெழல் அதிகமா விழுகுற எடமா?"

கோட்டைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாத்தா. தென்ன மரத்து நெழல்."

"இன்னும் நாலு நாள் வேணும்ணே."

"நாலு நாளா! மழை எறங்குனா என்னாகுறது?"

"எறங்குனா நட்டம் எனக்கு. ஒங்களுக்குச் சொன்ன வெலையில ஒரு பைசா கொறையாது. ஆனா புளிப்பு வெட்டி அவுக பேரப் போட்டு அனுப்ப மாட்டேன். அதுக்கு நீங்க பொன்னுராஜுகிட்டயே குடுத்துருங்க."

கூடத்தின் மூலையில் நின்ற இத்ரீஸுக்கு வியர்த்துக் கொட்டியது. கோட்டைச்சாமி மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். எழுந்தார். "இத்தன வருசமா பாய் என்னைய ஏமாத்துறாருன்னுல்ல நெனச்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போகும்போது, "சரிம்மா, பொறுக்கிறேன்" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கூடலூரிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது மழை. மெகருன்னிசா தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பங்கரைத் தகரத்தில் முதல் துளி விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் சடசடவென்று கொட்டியது. யா அல்லா, வம்புக்கு நின்று நானே கெடுத்துவிட்டேனா? அவர் இருந்தால் இந்நேரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போனாப் போகுது மெகரு, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று சொல்லியிருப்பார். அப்படிச் சொல்ல இப்போது ஆள் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மழை நின்றதும் அவளும் எழுந்துவிட்டாள்.

"ஷாஜியா, வண்டிய எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போ. போயி எனக்கு வீடியோவுல காட்டு."

மகள் பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து காட்டினாள். வடக்குப் பக்கம் சேதம் அதிகம் இல்லை. தெற்கு வரிசைகளில் பழம் அங்கங்கே வாயைப் பிளந்திருந்தது. "ஒண்ணு தின்னு பாரு. கொட்டையக் காட்டு" என்றாள். ஷாஜியாவின் ஈரக் கையில் கொட்டைகள் காப்பிநிறத்தில் கிடந்தன. நாலு நாள் கேட்டவளுக்குக் கடவுள் மூன்று நாள் கொடுத்திருக்கிறான். அது போதும்.

"நாளைக்கு விடிஞ்சதும் வெட்டிரணும். பெட்டியில அடுக்க வேணாம். வெட்டுன பழம் அம்புட்டும் நம்ம வீட்டுக்கு வரட்டும்."

இத்ரீஸ் பதறிப்போனான். "வீட்டுக்கா? மதினி, பெட்டி அடுக்குற ஷெட்டு எதுக்கு இருக்கு?"

"ஷெட்டுக்கு நான் வர முடியாது. பழம் இங்கன வரலாம்ல? ஈரத்தோட, வெடிச்ச பழத்தோட அடுக்குனா கோட்டயம் போறதுக்குள்ள பெட்டியே நாறிப் போகும். ஒவ்வொரு குலையும் என் கண்ணு பாக்கணும் தம்பி."

மறுநாள் காலையில் அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஷாஜியா வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். ஆண்கள் கூடைகளை வாசற்படியில் இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, பெண்கள் உள்ளே தூக்கிப்போனார்கள். ஷெட்டில் வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரிகளும் கத்திரிக்கோலும் கையுமாக வந்து உட்கார்ந்தார்கள். கூடத்தில், உள்ளறையில், கட்டிலின் மேல்கூட வெள்ளை வேட்டிகளை விரித்துக் குலைகளைப் பரப்பினார்கள். பாயின் வேட்டிகள்தான். சாயம் ஏறினால் போகாது என்று ஒருத்தி தயங்கினாள். "விரி தாயி, அவுக இருந்தா அவுகளே விரிச்சிருப்பாக" என்றாள் மெகருன்னிசா.

வீட்டு மின்விசிறிகளுக்கு ஈரம் காயவில்லை. என்ன செய்வது என்று அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம். பந்தல்காரரிடம் பேசி, கல்யாண மண்டபத்துக்கு வைக்கிற ராட்சச மின்விசிறிகளைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தான் இத்ரீஸ். சட்டையெல்லாம் சேறு. வெளியே நின்றபடியே, "மதினி, எங்கெங்க வைக்கணும்னு சொல்லுங்க" என்றான். இதுவரை வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிசைந்துகொண்டிருந்த ஆள்! மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போனதற்கப்புறம் முதல் தடவை.

பெண்கள் குலையைத் தூக்கிப் பிடித்து வெடித்த பழத்தை நறுக்கிப் போட்டார்கள். அவள் ஒவ்வொரு வேட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இது ஆகும், இது ஆகாது, இதை இன்னும் காயவிடு. இடுப்பு விட்டுப்போயிற்று. கழித்துப் போட்டது கொஞ்சநஞ்சம் இல்லை, அண்டா அண்டாவாகச் சேர்ந்தது. தெருப் பிள்ளைகள் ஜூஸ் குடித்துக் குடித்து உதடெல்லாம் நீலம் பாய்ந்து திரிந்தார்கள். நட்டம் நட்டம்தான், அதை அவள் மறைக்கவும் இல்லை, மூக்கைச் சிந்தவும் இல்லை. சாயங்காலம் வண்டி குமுளி மலை ஏறிற்று.

மறுநாள் மத்தாயி ஃபோன் போட்டார். "மோளே, நல்ல மதுரம், கேட்டோ! ஆளுக தொறந்து பாத்துதான் வாங்குச்சு, பொய் பறயக் கூடாதல்லோ. தின்னுட்டுப் பின்ன பெட்டி பெட்டியாக் கொண்டு போச்சு. அடுத்த லோடு எப்ப?"

அடுத்த லோடுக்குத் தோட்டம் வேண்டுமே! வெட்டு முடிந்தால் கொடியை நறுக்கிக் கவாத்து அடித்து, அடுத்த காய்ப்புக்குப் புதிதாகப் பேச வேண்டும். பாய்க்குக் கொடுத்த வாக்கு அன்றோடு தீர்ந்தது. இனி கோட்டைச்சாமி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பொன்னுராஜ் கூடுதல் விலை சொல்லியிருப்பதாக இத்ரீஸ் விசாரித்துக்கொண்டு வந்தான். அவளும் தன்னால் ஆன விலையைச் சொல்லி அனுப்பினாள். ஒரு வாரமாகியும் பதில் இல்லை. அவர் மூஞ்சியைப் பார்த்துப் பேசவும் வழி இல்லை. மற்ற தோட்டக்காரர்களும் கோட்டைச்சாமி என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெகருன்னிசாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கோட்டைச்சாமி இல்லை. அவர் மனைவி சங்கிலியம்மாள் இறங்கினாள். திரையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளறைக்கே வந்துவிட்டாள்.

"பாயம்மா, எங்க வீட்டுக்காரரு ஒரு வாரமாப் பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்காரு. பொன்னுராஜு கூடச் சொல்றானாம், யோசிக்கிறாராம். யோசிக்க இவரு யாரு? அது எங்கய்யா எனக்குச் சீராக் குடுத்த தோட்டம். பட்டா எம்பேர்ல இருக்கு. இத்தன வருசம் ரெண்டு ஆம்பளைக கை குடுத்துப் பேசிக்கிட்டாக, சரி, பேசட்டும்னு விட்டேன். இப்ப நான் வந்திருக்கேன்."

தோட்டம் பேசி முடிந்தால் அந்தப் பக்கத்தில் கையில் கை வைப்பதுதான் வழக்கம். எழுத்துக் கிடையாது. சங்கிலியம்மாள் வலது கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். மண்வெட்டி பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை. மெகருன்னிசா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியதெல்லாம் உடைந்தது. ஓவென்று அழுதாள். சங்கிலியம்மாள் கையை உருவிக்கொள்ளவில்லை. "அழு தாயி, நல்லா அழு" என்று அப்படியே நின்றாள்.

அழுது முடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெகருன்னிசா கேட்டாள்: "கவாத்து என்னைக்குக்கா அடிக்கலாம்?"